நாலு மாசம், 40 விண்ணப்பம், ஒரு வேலைகூட இல்லை. இன்னும் பொறுக்கணுமா, வழியை மாத்தணுமா?

கடலைமிட்டாய்_கோவில்பட்டி
வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. தமிழ் ஆடியோ கேட்டு டைப் செய்வது, சப்டைட்டில், இங்கிலீஷ்-தமிழ் மொழிபெயர்ப்பு மூன்றும் ஓரளவு வரும். தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கிறேன். இணையத்தில் வேலை பிடிக்கும் தளங்களான அப்வொர்க், ஃபைவர் இரண்டிலும் கணக்கு உண்டு. கூடவே ஒரு யூடியூப் சேனல் (61 ஷார்ட்ஸ், 340 சப்ஸ்கிரைபர்), ஒன்பது பதிவோடு நிற்கும் ஒரு பிளாக், அஃபிலியேட் லிங்க் (அதன் வழியாக யாராவது பொருள் வாங்கினால் கமிஷன்) போட ஒரு டெலிகிராம் சேனல். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் ஒதுக்க முடியும்.

அப்வொர்க்கில் 40 விண்ணப்பம், 2 பதில், வேலை பூஜ்யம். ஃபைவரில் ஆர்டரே இல்லை. யாரைக் கேட்டாலும் "பொறுமையா இரு, ஃபோகஸ் பண்ணு" என்கிறார்கள். எத்தனை நாள் பொறுக்கணும், எதில் ஃபோகஸ் பண்ணணும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கள்.

சப்டைட்டில்_சாமி
தம்பி, நாலு மணி நேரத்தை அஞ்சு இடத்துக்குப் பங்கு போட்டா ஒண்ணுக்கு 48 நிமிஷம் வருது. 48 நிமிஷத்துல ஒரு நல்ல விண்ணப்பம் எழுதவே நேரம் சரியாப் போயிடும். டெலிகிராமை இன்னிக்கே மூடு. பிளாக் அப்படியே கிடக்கட்டும், சோறு கேட்காது. மூணு வேலையில ஒண்ணை மட்டும் வெளியில காட்டு. ஆடியோ டைப்பிங்கோ சப்டைட்டிலோ எடுத்துக்க. மொழிபெயர்ப்புல கூட்டம் அதிகம், மெஷினும் அங்கதான் முதல்ல நுழைஞ்சுது.

இப்ப பொறுமைக்கு வரேன். நாற்பது விண்ணப்பமும் ஒரே மாதிரித் தோத்திருக்காது. அப்வொர்க்ல ஒவ்வொரு வேலை விளம்பரத்துக்கும் கீழ, அந்த வேலையோட நடமாட்டம்னு ஒரு பெட்டி இருக்கும். எத்தனை விண்ணப்பம் வந்திருக்கு, வாடிக்கையாளர் கடைசியா எப்ப பார்த்தார், எத்தனை பேர்கிட்ட பேசிட்டிருக்கார், எத்தனை பேரை அவரே அழைச்சிருக்கார், எல்லாம் அதுல இருக்கு. நீ அனுப்பின நேரத்துக்கு அப்புறம் அவர் எட்டிப் பார்க்கவே இல்லைன்னா, அதை உன் தோல்விக் கணக்குல எழுதாதே. பார்த்திருக்கார், மூணு பேர்கிட்ட பேசுறார், உன்கிட்ட பேசலைன்னா உன் முதல் ரெண்டு வரியிலயோ, நீ செஞ்சு காட்டுற மாதிரி வேலையிலயோ கோளாறு. பேசினார், ஆனா வேலை தரலைன்னா விலையோ, நாள் கணக்கோ, நீ பதில் போட எடுத்துக்கிட்ட நேரமோ இடிக்குது.

ஒரு நோட்டு போடு. தேதி, விளம்பரம் வந்து எத்தனை மணி நேரத்துல அனுப்பினே, மாதிரி இணைச்சியா, பார்த்தாரா, பதில் வந்துதா. அஞ்சு கட்டம் போதும். அடுத்த 30 விண்ணப்பத்தை இந்த நோட்டோட அனுப்பு. நடுவுல எதையும் மாத்தாதே. பத்து அனுப்பிட்டு விலையைக் குறைச்சு, இன்னும் அஞ்சு அனுப்பிட்டு போட்டோவை மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. முப்பது முடிஞ்சதும் எந்தக் கட்டத்துல அடைச்சிருக்கோ அதை மட்டும் மாத்து.

ஃபைவர்லயும் இதே வைத்தியம்தான். கிக் (அங்க நீ போட்டு வெச்சிருக்கிற வேலை விளம்பரம்) எத்தனை பேர் கண்ணுல பட்டுது, எத்தனை பேர் தட்டினாங்க, எத்தனை ஆர்டர்னு அதுவே காட்டும். கண்ணுலயே படலைன்னா தலைப்பும் அஞ்சு டேக்கும் தப்பு. பட்டும் தட்டலைன்னா முகப்புப் படமோ விலையோ. தட்டியும் வாங்கலைன்னா உள்ள இருக்கிற விவரமும் மாதிரியும் சொதப்பல். தலைப்புக்கு 80 எழுத்துதான் இடம். அதுல "புரொஃபஷனல்", "ஹை குவாலிட்டி"ன்னு நிரப்பாம "தமிழ்"ங்கிற சொல்லை முன்னாடி வை. தேடுறவன் அதைத்தான் அடிப்பான்.

கணக்குப்பிள்ளை
மேலே சொன்னதில் பணக் கணக்கு விட்டுப்போயிற்று. பலர் பொறுமை இழப்பது வேலை கிடைக்காமல் அல்ல, வேலை முடித்த பிறகும் பணம் வராததால்தான். அந்தத் தாமதம் விதியிலேயே இருக்கிறது.

ஃபைவரில் நீங்கள் வேலையை ஒப்படைத்த பிறகு வாடிக்கையாளர் வாயே திறக்காவிட்டால் மூன்று நாளில் ஆர்டர் தானாக முடியும். அதன்பின் பணம் 14 நாள் உறங்கும். ஆக 17 நாள். அதிலும் 20 சதவீதம் அவர்களுக்கு. அப்வொர்க்கில் மொத்தக் கட்டண வேலை என்றால் வாடிக்கையாளர் பார்த்து ஒப்புக்கொள்ள 14 நாள், பிறகு 5 நாள் நிறுத்திவைப்பு. அவர் சும்மா இருந்தால் 19 நாள். மணிக் கணக்கு வேலை என்றால் வாரம் திங்கள் தொடங்கி ஞாயிறு முடியும் (அவர்கள் நேரப்படி, நமக்குத் திங்கள் காலை 5.30). அந்த ஞாயிறு முடிந்து பத்தாம் நாள், புதன்கிழமை, பணம் கைக்கு எட்டும். திங்களன்று செய்த வேலைக்குப் பதினேழாம் நாள்தான் காசு. இன்று முதல் வேலை கிடைத்தாலும் வங்கியில் பணம் விழ ஏறக்குறைய ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாத மளிகைக்கும் நெட் பில்லுக்கும் வேறு வழி செய்துவிட்டு இறங்குங்கள்.

அடுத்தது செலவு. அப்வொர்க்கில் விண்ணப்பிக்கக் கனெக்ட் என்ற டோக்கன் வேண்டும், ஒரு கனெக்ட் 15 சென்ட். ஒரு விண்ணப்பம் 12 கனெக்ட் கேட்டால் 1.80 டாலர். அப்படி நாற்பது அனுப்பினால் 72 டாலர், இலவசமாக வருவதைக் கழிக்காமல். கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவதற்குப் பெயர் விடாமுயற்சி என்றால், விலை இது. கட்டணம் செலுத்தும் முறை சரிபார்க்கப்படாத வாடிக்கையாளர், ஏற்கெனவே ஐம்பது விண்ணப்பம் குவிந்த விளம்பரம், நாலைந்து நாள் பழசு, இந்த மூன்றையும் தாண்டிப் போங்கள். வாரத்துக்கு ஐந்தாறு விண்ணப்பம் போதும்.

விலை. உதாரணத்துக்கு 42 நிமிட நேர்காணல், நிமிடத்துக்கு 60 சென்ட். 25.20 டாலர். ஃபைவர் பங்கு போக 20.16. தேர்ந்த கை ஒரு மணி நேர ஆடியோவுக்கு நாலு மணி நேரம் எடுக்கும். புதியவருக்கு ஆறு, ஏழு ஆகும். 42 நிமிடத்துக்கு ஐந்து மணி நேரம் வையுங்கள். மணிக்கு நாலு டாலர் நிற்கிறது. முதல் இரண்டு வேலைக்கு இது தாங்கும், மூன்றாவதில் ஏற்றுங்கள். இதைவிடக் கீழே இறங்கினால் அலுப்பில் தரம் விழும், தரம் விழுந்தால் ஸ்டார் விழும், பிறகு விலையை ஏற்றவே முடியாது.

ஒற்றுப்பிழை
ஃபோகஸ் என்றால் போனை எங்கே வைப்பது என்பதோடு பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். (அடுத்த அறையில் வையுங்கள், அது சரிதான்.) டைப்பிங் வேலையில் கவனம் சிதற முக்கியக் காரணம், கேட்பது, எழுதுவது, திருத்துவது மூன்றையும் ஒரே நேரத்தில் செய்வது. ஒரு வரி அடித்து, "ணகரமா னகரமா" என்று யோசித்து, ஆடியோவைப் பின்னால் தள்ளி, மறுபடி கேட்டு... பத்து நிமிட ஆடியோவுக்குள் காது செத்துவிடும்.

மூன்று நடையாகப் பிரியுங்கள். முதல் நடையில் ஆடியோவை 75 சதவீத வேகத்தில் ஓட விட்டு, காதில் விழுந்ததை அடித்துக்கொண்டே போங்கள். புரியாத இடத்தில் நேரத்தை மட்டும் குறியுங்கள், 12:41 என்று. நிறுத்தி ஓட்டும்போது தானாக மூன்று வினாடி பின்னால் போகும்படி வைத்துக்கொள்ளலாம். ஓட்ரான்ஸ்கிரைப் என்ற இலவசத் தளத்தில் வேகத்தைக் குறைப்பது, நிறுத்துவது, பின்தள்ளுவது எல்லாம் விசைப்பலகையிலேயே முடியும், மவுஸைத் தேட வேண்டாம். இரண்டாம் நடையில் முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டு எழுத்தைக் கண்ணால் தொடருங்கள்; பெயர், எண், விட்டுப்போன இடம். மூன்றாம் நடையில் ஆடியோ வேண்டாம், வெறும் வாசிப்பு. ஒற்று மிகும் இடம், ர-ற, சொல் பிரிப்பு எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். முதல் நடையை 25 நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். அதற்கு மேல் காது தானே வாக்கியத்தை முடித்துவைக்கத் தொடங்கும்: பேசுபவர் "போகல" என்பார், நீங்கள் "போகணும்" என்று அடித்திருப்பீர்கள்.

இன்னொன்று, பலர் இப்போது மெஷின் எழுதிய வரைவைக் கொடுத்துத் திருத்தச் சொல்கிறார்கள். "இதற்கு நேரமே ஆகாது" என்று பாதி விலை பேசுவார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடம், ஊர்ப் பேச்சு, நடுவில் வரும் இங்கிலீஷ் சொல், ஆள் பெயர், இங்கெல்லாம் தமிழ் வரைவு உடையும். நடுவிலிருந்து ஐந்து நிமிடம் வாங்கித் திருத்திப் பார்த்து, கடிகாரத்தில் நேரம் குறித்துவிட்டு விலை சொல்லுங்கள். சில ஆடியோவில் அழித்துவிட்டுப் புதிதாக அடிப்பதே வேகம்.

மெட்ராஸ்_நைட்ஷிஃப்ட்
எல்லாரும் யூடியூபை விட்டுட்டீங்க. ப்ரோ, 61 ஷார்ட்ஸ் போட்டும் ஏன் நகரலைன்னா, ஷார்ட்ஸ் ஃபீடுல ஓடுற நேரம் அந்த 4,000 மணி நேரக் கணக்குல சேரவே சேராது. விளம்பரப் பணத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர், கூடவே 12 மாசத்துல 4,000 மணி நேரம், இல்லாட்டி 90 நாள்ல ஒரு கோடி ஷார்ட்ஸ் வியூ. 4,000 மணி நேரம்னா 2,40,000 நிமிஷம். ஒருத்தர் சராசரியா மூணு நிமிஷம் பார்த்தா 80,000 வியூ வேணும். இதை வருமானமா நினைச்சு ராத்திரி ராத்திரி ரிஃப்ரெஷ் பண்ணாதீங்க.

அதுக்காக மூடவும் வேணாம். சாமி சொன்ன "மாதிரி"க்கு அலமாரியா மாத்துங்க. மூணு நாலு நிமிஷ வீடியோ நாலு, சுத்தமா சப்டைட்டில் போட்டு ஏத்துங்க. உங்க குரல்லயே பேசினதா இருக்கட்டும், இல்லைன்னா கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (மத்தவங்களும் எடுத்துப் பயன்படுத்தலாம்ங்கிற அனுமதி) போட்ட வீடியோவா பார்த்து எடுங்க, யூடியூப் தேடல்லயே அதுக்கு வடிகட்டி இருக்கு. சினிமா சீன் வேணாம், காப்பிரைட் அடி விழும். வாடிக்கையாளர் கொடுத்த ஆடியோவை மாதிரின்னு காட்டவே கூடாது, அப்படிக் காட்டினா அடுத்த ஆள் உங்களை நம்பமாட்டார்.

சேனல் வளர்ந்து பின்னாடி ஆட்சென்ஸ் (விளம்பரப் பணம் தர்ற கூகுள் கணக்கு) கிடைச்சாலும் காத்திருப்பு உண்டு. 10 டாலர் சேர்ந்ததும் முகவரி உறுதிக்கு பின் நம்பர் தபால்ல வரும், சாதாரணத் தபால், வாரக்கணக்கு ஆகும். 100 டாலர் தொட்ட பிறகுதான் பணம், அதுவும் அடுத்த மாசம் 21-லிருந்து 26-க்குள்ள. முகவரியை ஆதார்ல இருக்கிற மாதிரி இல்ல, போஸ்ட்மேன் கண்டுபிடிக்கிற மாதிரி எழுதுங்க.

கடலைமிட்டாய்_கோவில்பட்டி
எல்லாருக்கும் நன்றி. டெலிகிராமை மூடிவிட்டேன். சப்டைட்டில், டைப்பிங் இரண்டில் டைப்பிங்கை எடுக்கிறேன். இரண்டு சந்தேகம்.

ஒன்று, நான் அனுப்பும் விண்ணப்பம் இது (இங்கிலீஷில் இருப்பதன் தமிழ்): "மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, நான் கடின உழைப்பாளி. 100% துல்லியம் உறுதி. மிகக் குறைந்த கட்டணம். 24 மணி நேரமும் தொடர்பில் இருப்பேன். ஒரே ஒரு வாய்ப்பு தாருங்கள்." இதில் என்ன தப்பு?

இரண்டு, வாட்ஸ்அப்பில் ஒரு டேட்டா என்ட்ரி வேலை வந்திருக்கிறது. 10 நாளில் 1,000 பக்கம், பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய், அக்ரிமென்ட் அனுப்பியிருக்கிறார்கள். அப்வொர்க் பணம் வரும்வரை இதைச் செய்யலாமா?

கணக்குப்பிள்ளை
இரண்டாவதற்கு முதலில் பதில்: கையெழுத்துப் போடாதீர்கள், பணம் கட்டாதீர்கள். 1,000 பக்கம் முடித்துக் கொடுத்ததும் "துல்லியம் போதாது, ஒப்பந்தப்படி நஷ்டஈடு கட்டு" என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்று வரும். அந்தப் பயத்தில் கட்டும் பணம்தான் அவர்கள் வருமானம். நீங்கள் அடித்த பக்கங்களை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. வேலை கொடுப்பவன் வேலை செய்பவனிடம் கட்டணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். டெலிகிராமில் ஹோட்டலுக்கு ரேட்டிங் போடச் சொல்லி முதல் நாள் 150 ரூபாய் தந்து, மூன்றாம் நாள் "டெபாசிட்" கேட்பதும் இதே வகை. ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு.

சப்டைட்டில்_சாமி
விண்ணப்பத்துல தப்புன்னா, தம்பி, அதுல வாடிக்கையாளரே இல்ல. அவர் ஆடியோ எத்தனை நிமிஷம், யார் பேசுறாங்க, எதுக்கு வேணும், ஒரு சொல் கிடையாது. அதை அப்படியே லோகோ டிசைன் வேலைக்கும் அனுப்பலாம். "100% துல்லியம்"னு சொன்னா தொழில் தெரிஞ்சவன் சிரிப்பான். ஆடியோவுல கேட்கவே முடியாத இடம் இருந்தா என்ன செய்வே?

இப்படி மாத்திப் பாரு:

"உங்கள் 42 நிமிட நேர்காணலில் இரண்டு பேர் பேசுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். தொடங்கும் முன் இரண்டு கேள்வி. பேச்சுத்தமிழை அப்படியே எழுத வேண்டுமா ('வந்துட்டாங்க'), எழுத்துத்தமிழாக்க வேண்டுமா ('வந்துவிட்டார்கள்')? நடுவில் வரும் இங்கிலீஷ் சொற்கள் தமிழ் எழுத்திலா, இங்கிலீஷ் எழுத்திலா? ஆள் மாறும் ஒவ்வொரு இடத்திலும் நேரக்குறி போடுவேன். கேட்காத இடத்தை ஊகிக்காமல் நேரத்தோடு குறித்துத் தருவேன். 3 நிமிட மாதிரி இணைத்துள்ளேன், இரண்டு பேர் பேசுவது, பின்னணியில் தெருச் சத்தம் உள்ளது. மூன்று நாளில் முடியும்."

அந்த ரெண்டு கேள்விதான் முக்கியம். பேச்சுத்தமிழா எழுத்துத்தமிழாங்கிறதை முதல்லயே கேட்காம 42 நிமிஷத்தையும் அடிச்சுக் கொடுத்து, "இப்படி வேண்டாம்"னு திரும்பி வந்தா மொத்தமும் மறுபடி. சண்டை பெரும்பாலும் அங்கதான். ஆராய்ச்சி பண்றவங்க பேசினதைப் பேசின மாதிரியே, "ம்ம்", "வந்து" உட்பட கேட்பாங்க. பத்திரிகைக்குன்னா சுத்தமா கேட்பாங்க. மூணு நாள்னு ஏன் சொல்லச் சொன்னேன்னா, வேலை அஞ்சு மணி நேரம், உனக்கு ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், ஆக ரெண்டு நாள். மூணாவது நாள் கரன்ட் போறதுக்கு.

அனுப்புற நேரமும் பாரு. தமிழ் வேலை சிங்கப்பூர், மலேசியா, லண்டன், டொராண்டோவுல இருந்தும் வரும். சிங்கப்பூர்ல காலை 9 மணின்னா நமக்கு 6.30. லண்டன்ல 9 மணின்னா குளிர்காலத்துல மதியம் 2.30, கோடைல 1.30. டொராண்டோவுக்கு ராத்திரி 7.30, கோடைல 6.30. ராத்திரியெல்லாம் முழிச்சு எல்லாத்தையும் துரத்தாம ஒரு நேரத்தைப் பிடி. காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தளத்தைத் திற, விண்ணப்பம் அனுப்பு, மூடு. நடுவுல இருக்கிற மூணு மணி நேரம் மாதிரிக்கும் பயிற்சிக்கும்.

ஒற்றுப்பிழை
சாமி சொன்னதில் ஒரு திருத்தம். 30 விண்ணப்பம் முடியும்வரை எதையும் மாற்றாதே என்பது கொஞ்சம் அதிகம். வாரம் ஐந்தாறு என்ற கணக்கில் முப்பது முடிய ஒன்றரை மாதம் ஆகும். முதல் பத்திலேயே பத்துப் பேரும் பார்த்து ஒருவர்கூடப் பதில் போடவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி மாதிரியை மாற்றலாம். பார்க்கவே இல்லை என்றால்தான் முப்பது வரை போக வேண்டும்.

கோப்பு விஷயமும் கவனம். சில வாடிக்கையாளர் பழைய பாமினி எழுத்துருவில் கோப்பு தருவார்கள், குறிப்பாக இலங்கைப் பக்கத்து அச்சகங்கள். அதை யூனிகோடுக்கு மாற்றும்போது ஸ்ரீ, க்ஷ, சில ஊகார எழுத்துகள் தவறலாம், மாற்றியபின் கண்ணால் ஒருமுறை ஓட்டுங்கள். பின்னால் சப்டைட்டிலுக்குப் போனால், எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பை யூடிஎஃப்-8 (யூனிகோடு சேமிப்பு முறை) ஆகச் சேமிக்காவிட்டால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். நேரத்தில் வினாடிக்கும் மில்லி வினாடிக்கும் நடுவே வருவது காற்புள்ளி, புள்ளி அல்ல. வரிக்கு இத்தனை எழுத்து என்று வாடிக்கையாளர் எல்லை சொன்னால், எதை எழுத்து என்று எண்ணுகிறார்கள் என்று கேளுங்கள். பல மென்பொருள்கள் உயிர்மெய்யின் குறிகளைத் தனித்தனியாக எண்ணும். "பொறுமை" நமக்கு மூன்றெழுத்து, அதற்கு ஆறு.

கடலைமிட்டாய்_கோவில்பட்டி
அந்த டேட்டா என்ட்ரி எண்ணை பிளாக் செய்துவிட்டேன். பழைய நாற்பதையும் நோட்டில் ஏற்றிப் பார்த்தேன். 23 விளம்பரத்தில் நான் அனுப்பிய பிறகு வாடிக்கையாளர் வரவே இல்லை. மாதிரி இணைத்தது மொத்தம் நாலு. அந்த 2 பதிலும் அந்த நாலில் வந்தவை. மாதிரிக்கு ஆடியோ எப்படி எடுப்பது, வீட்டில் நானே பேசினால் போதுமா?

சப்டைட்டில்_சாமி
தனியாப் பேசாதே, வீட்டுல ரெண்டு பேரை உட்கார வெச்சு, அனுமதி கேட்டு, சமையல் பத்தியோ பயிர் பத்தியோ அஞ்சு நிமிஷம் பேசவிடு. போனை நடுவுல வை, ஃபேனை நிறுத்தாதே. வர்ற ஆடியோ எல்லாம் அப்படித்தான் இருக்கும். அதுல நடு மூணு நிமிஷத்தை எடுத்து ரெண்டு விதமா அடி, பேச்சுத்தமிழ்ல ஒண்ணு, எழுத்துத்தமிழ்ல ஒண்ணு. ரெண்டையும் ஒரே தாள்ல பக்கத்துல பக்கத்துல வெச்சு பிடிஎஃப் ஆக்கு. தமிழ் எழுத்துரு உள்ள பதிஞ்சிருக்கான்னு வேற ஒரு போன்ல திறந்து பார்த்துட்டு அனுப்பு.